உங்கள் ஊரில் இடதுசாரி அமைப்புகளைச் சேர்த்து ஒரு கூட்டுப் போராட்டக் குழு அமைப்பது எப்படி?

நகராட்சியில் தூய்மைப் பணியை ஒப்பந்த நிறுவனத்துக்குக் கொடுக்கிறார்கள் என்று வையுங்கள். ஊரில் செங்கொடிச் சங்கங்கள் நாலு இருக்கின்றன. நாலும் நாலு நாளில் தனித்தனியாக ஆர்ப்பாட்டம் நடத்துகின்றன, ஒவ்வொன்றுக்கும் நாற்பது ஐம்பது பேர் வருகிறார்கள். ஆணையர் நாலு மனுவையும் சிரித்த முகத்தோடு வாங்கி வைத்துக்கொள்கிறார், ஒப்பந்தம் கையெழுத்தாகிவிடுகிறது. வேலை போன தொழிலாளி "நீங்க எல்லாரும் ஒரே கொடிதானே தோழர், ஏன் சேர்ந்து வரல?" என்று கேட்கும்போது நம்மிடம் பதில் இருக்காது.

எங்கள் மாவட்டத்தில் இப்படி ஒரு கூட்டுக் குழுவை ஒருங்கிணைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மூத்த தோழர்களுக்கு இந்த வேலை அனுபவத்தில் தெரியும், ஆனால் யாரும் எழுதி வைக்கவில்லை. புதிதாக வருகிற ஒருவர் ஒவ்வொரு சுவரிலும் முட்டித்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதனால் எழுதுகிறேன். 1964-ல் இந்திய கம்யூனிஸ்ட் கட்சி (சிபிஐ) உடைந்து மார்க்சிஸ்ட் கட்சி (சிபிஎம்) வந்தபோது யார் சரி, 1969-ல் மார்க்சிஸ்ட்-லெனினிஸ்ட் (மா.லெ.) கட்சி தனியே வந்தபோது யார் சரி என்ற விவாதம் இதில் கிடையாது. ஒரு மாவட்டத் தலைநகரிலோ நகராட்சியிலோ ஐந்து முதல் பத்து அமைப்புகளை ஒரு கோரிக்கைக்காகச் சேர்க்கிற வேலைக்கு மட்டும்தான் இந்த வழிகாட்டி. முதல் சந்திப்பிலிருந்து ஆர்ப்பாட்ட நாள் வரை ஒரு மாதமாவது ஒதுக்குங்கள். ஒரு வாரத்தில் முடிக்கப் பார்த்தால் பாதிப் பேர் வரமாட்டார்கள், வராதவர்கள் "எங்களைக் கேட்கவே இல்லை" என்பார்கள். அது உண்மையாகவும் இருக்கும்.

1. யார் யார் இருக்கிறார்கள் என்று முதலில் எழுதுங்கள்

ஒரு நோட்டில் மூன்று பத்தி போடுங்கள். அமைப்பின் முழுப் பெயர், எந்தக் கட்சியோடு தொடர்பு, முடிவு எடுப்பவர் யார். மூன்றாவது பத்திதான் முக்கியம். உங்களுக்குப் பழக்கமான தோழர் கிளைச் செயலாளராக இருக்கலாம், ஆனால் கூட்டு நிகழ்ச்சிக்குச் சம்மதம் சொல்ல வேண்டியது பெரும்பாலும் மாவட்டச் செயலாளரும் மாவட்டக் குழுவும்தான்.

பெயர்களில் மிகவும் கவனம் தேவை. தமிழ்நாடு விவசாயிகள் சங்கம் என்ற பெயரிலேயே சிபிஐ சார்பிலும் ஒரு சங்கம் உண்டு, சிபிஎம் சார்பிலும் ஒன்று உண்டு. நோட்டீசில் ஒரு தடவை மட்டும் போட்டுவிட்டு வந்தால் யாருக்கோ மனக்கசப்பு நிச்சயம். மாணவர் அமைப்பில் இந்திய மாணவர் சங்கம் ஒன்று, அனைத்திந்திய மாணவர் பெருமன்றம் இன்னொன்று. வாலிபர் சங்கம் வேறு, இளைஞர் பெருமன்றம் வேறு. ஜனநாயக மாதர் சங்கம் வேறு, மாதர் தேசிய சம்மேளனம் வேறு. இந்த மூன்று ஜோடியிலும் முதலாவது சிபிஎம் சார்பு, இரண்டாவது சிபிஐ சார்பு. தொழிற்சங்கங்களில் ஏஐடியுசி (சிபிஐ), சிஐடியு (சிபிஎம்), ஏஐசிசிடியு (மா.லெ.), எச்எம்எஸ் (சோசலிஸ்ட் மரபு) இவற்றோடு எந்தக் கட்சியையும் சாராத சுயேச்சைச் சங்கங்களும் இருக்கும். சென்னையில் 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் நடத்திய போராட்டத்தை முன்னின்று நடத்தியது உழைப்போர் உரிமை இயக்கம்தான். பெரிய சங்கங்கள் ஆதரவாக வந்தன. உங்கள் ஊரிலும் களத்தில் ஆள் வைத்திருப்பது சின்னச் சங்கமாக இருக்கலாம். அவர்களை விட்டுவிட்டுக் கூட்டணி பேசாதீர்கள்.

அம்பேத்கரிய, பெரியாரிய அமைப்புகளையும் இந்தப் பட்டியலில் முதல் நாளே சேருங்கள். தூய்மைப் பணியாளர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். செங்கொடிகளை மட்டும் சேர்த்து எல்லாம் முடிவு செய்துவிட்டு, அப்புறம் போய் "நீங்களும் வாங்க" என்றால் அது கூட்டணி இல்லை, ஆள் பிடிக்கிற வேலை.

2. கோரிக்கையைச் சுருக்குங்கள்

கூட்டுக் குழுக்கள் உடைகிற முதல் இடம் இதுதான். ஒவ்வொரு அமைப்பும் தன் கோரிக்கை ஒன்றைச் சேர்க்கும், பன்னிரண்டு அம்சக் கோரிக்கை ஆகும், அதில் ஒன்றிரண்டு வேறு அமைப்புக்குத் தொண்டையில் சிக்கும். மூன்றுக்கு மேல் வேண்டாம். எடுத்துக்காட்டாக: ஒப்பந்தத்தை ரத்து செய், தூய்மைப் பணியைத் தனியாருக்கு விட வழி செய்யும் அரசாணைகள் 152, 139 இரண்டையும் திரும்பப் பெறு, அரசாணை 62-ன்படி குறைந்தபட்ச ஊதியம் கொடு. போதும்.

கோரிக்கை யாரைப் பார்த்து வைக்கப்படுகிறது என்பதையும் ஆரம்பத்திலேயே தெளிவாகப் பேசிவிடுங்கள். ஒன்றிய அரசை எதிர்த்து என்றால் கூட்டணி அகலமாக இருக்கும். 2025 ஜூலை 9 பொது வேலைநிறுத்தத்தில் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை எதிர்த்து சிஐடியு, ஏஐடியுசி, ஏஐசிசிடியு மட்டுமல்ல, காங்கிரசின் ஐஎன்டியுசியும் திமுகவின் தொமுசவும் ஒரே மேடையில் இருந்தன. அதே சங்கங்கள் மாநில அரசோ போக்குவரத்துக் கழகமோ எதிரில் இருக்கும்போது அப்படி நிற்பதில்லை. 2024 ஜனவரி பஸ் வேலைநிறுத்தத்தில் சிஐடியுவும் அதிமுகவின் அண்ணா தொழிற்சங்கமும் இறங்கின, அப்போது மாநிலத்தை ஆண்ட திமுகவின் தொமுச இறங்கவில்லை. இதைத் துரோகம் என்று கத்துவதில் பயனில்லை. யார் எதுவரை வருவார்கள் என்று முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொண்டு திட்டம் போட வேண்டும்.

ஆளும் கட்சியோடு தேர்தல் கூட்டணியில் இருக்கிற கட்சித் தோழர்கள் மாநில அரசைக் கண்டித்துப் பேச முடியாது என்று முன்முடிவு செய்யாதீர்கள். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவகுத்த தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறிய அன்று சிபிஐ, சிபிஎம், விசிக, மதிமுக, காங்கிரஸ் எல்லாமே அப்போதைய ஆளுங்கட்சியான திமுகவின் கூட்டணியில்தான் இருந்தன. எதிர்த்து வெளிநடப்பு செய்தன. தொழிற்சங்கங்களும் சேர்ந்து அழுத்தம் கொடுத்ததில் மே தினத்தன்று முதலமைச்சர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். அந்தத் தோழர்கள் உங்களிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: நோட்டீசில் அரசாணையைக் கண்டியுங்கள், கூட்டணியை விட்டு வெளியே வா என்று எங்களைப் பார்த்து மேடையில் பேசாதீர்கள். கூட்டணியை எதிர்ப்பவர்கள் தங்கள் சொந்த மேடையில் அதைத் தாராளமாகப் பேசட்டும். கூட்டு மேடையில் வேண்டாம் என்று கேட்டுக்கொள்வது நியாயமான நிபந்தனைதான்.

3. கூட்டம் போடுவதற்கு முன் தனித்தனியாகப் போய்ப் பாருங்கள்

வாட்ஸ்அப்பில் அழைப்பு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தால் யாரும் வரமாட்டார்கள். ஒவ்வொரு அலுவலகத்துக்கும் நேரில் போங்கள். கையில் ஒரு பக்கக் கடிதம் இருக்கட்டும்: கோரிக்கை, உத்தேசத் தேதி, யார் யாரை அழைக்கிறோம் என்ற முழுப் பட்டியல். அந்தப் பட்டியலை மறைக்காதீர்கள். "அவங்க வர்றாங்களா? அப்ப நாங்க யோசிக்கணும்" என்ற பேச்சு எப்படியும் வரும், அது கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் வெடிப்பதைவிட தனியே டீ குடிக்கும்போது வருவது நல்லது.

பழைய காயங்களும் இந்தச் சந்திப்புகளில்தான் தெரியவரும். ஒரு சங்கத்திலிருந்து பிரிந்துபோன கிளை இன்னொரு சங்கத்தில் சேர்ந்திருக்கும், உறுப்பினர் சந்தா யாரிடம் போனது என்று சண்டை இருக்கும். என் அனுபவத்தில் கொள்கைச் சண்டையைவிட இதுதான் அதிகம். ஒரே நகராட்சியில் இரண்டு சங்கம் ஆள் சேர்க்கும்போது இது வரத்தான் செய்யும். கேட்டுக்கொள்ளுங்கள், தீர்ப்பு சொல்லாதீர்கள், அந்தப் பக்கம் போய் இந்தப் பக்கம் சொன்னதைச் சொல்லாதீர்கள். ஒன்று மட்டும் கேளுங்கள்: இந்தப் போராட்டம் முடியும்வரை இந்த நகராட்சியில் ஒருவர் உறுப்பினரை மற்றவர் இழுக்காமல் இருக்க முடியுமா? இதற்கு இரு பக்கமும் சரி என்றால் பாதி வேலை முடிந்தது.

மாவட்டக் குழுவில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்பார்கள். அது தட்டிக்கழிப்பு அல்ல, அவர்கள் நடைமுறையே அதுதான். பத்து நாள் கொடுங்கள்.

4. முதல் கூட்டமும் மினிட் நோட்டும்

இடம்: ஒரு கட்சி அலுவலகத்தில் போட்டால் அடுத்த கூட்டம் இன்னொரு அலுவலகத்தில் என்று அன்றே முடிவு செய்யுங்கள். பொது இடம் கிடைத்தால் இன்னும் நல்லது. நேரம்: இரவு எட்டு மணிக் கூட்டத்துக்குப் பெண் தோழர்கள் வருவது கஷ்டம். தூய்மைப் பணியாளர்கள் விடிவதற்கு முன்னால் வேலைக்குப் போகிறவர்கள், அவர்களாலும் முடியாது. பிற்பகல் மூன்று மணி எங்களுக்குச் சரியாக இருந்தது. குழுவில் தொழிலாளர் பிரதிநிதிகள் இருவராவது இருக்க வேண்டும், அதில் ஒருவர் பெண்.

ஒரு நூறு பக்க நோட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் முக்கிய ஆவணம். முதல் கூட்டத்திலேயே கீழே உள்ளவற்றை முடிவு செய்து எழுதி, வந்த எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். வாய்மொழியாக ஒத்துக்கொண்டது பத்து நாளில் பத்து விதமாக மாறிவிடும்.

பெயர் வரிசை. அகர வரிசை. வேறு எந்த அளவுகோலுக்கும் போகாதீர்கள். மூத்த அமைப்பு, பெரிய அமைப்பு, அதிக ஆள் கொண்டுவரும் அமைப்பு என்று ஆரம்பித்தால் முடிவே வராது.

மேடை. தலைமை, முன்னிலை, கண்டன உரை, நிறைவுரை, நன்றியுரை, இதில் எது யாருக்கு என்பதில்தான் நம் ஊரில் பாதிச் சண்டை. தலைமையைத் தொழிலாளி ஒருவருக்குக் கொடுங்கள். நான் பார்த்தவரை அதை யாரும் மறுத்ததில்லை. மற்ற அமைப்புகளுக்கு எல்லாம் ஒரே மாதிரி "கண்டன உரை", ஆளுக்கு ஏழு நிமிடம். நிறைவுரை ஒரு அமைப்புக்கு என்றால் அடுத்த நிகழ்ச்சியில் இன்னொரு அமைப்புக்கு, அதையும் எழுதுங்கள். மாநிலத் தலைவரை அழைத்து வருகிறேன் என்று ஒருவர் சொன்னால் மற்றவர்களும் சொல்வார்கள், அதனால் முதல் நிகழ்ச்சிக்கு மாவட்ட அளவோடு நிறுத்துவது நல்லது.

கொடி, படம். கொடிகள் எல்லாம் ஒரே உயரம், ஒரே எண்ணிக்கை. சிபிஐ கொடியும், சிபிஎம் கொடியும், மா.லெ. கொடியும் எட்ட நின்று பார்க்கிறவருக்கு ஒரே சிவப்புதான், பிடித்திருப்பவருக்கு அப்படி இல்லை. அம்பேத்கரியரின் நீலக் கொடிக்கும் பெரியாரியரின் கருப்புக் கொடிக்கும் அதே கணக்கு. பேனரில் தலைவர் படங்கள் வேண்டாம். மார்க்ஸ், அம்பேத்கர், பெரியார் மூவரையும் போட்டால் லெனின் எங்கே என்பார்கள், அப்புறம் சிங்காரவேலர் எங்கே என்பார்கள். கோரிக்கையைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

பத்திரிகைச் செய்தி. ஒரே அறிக்கை, ஒருங்கிணைப்பாளர் கையெழுத்தில். சிபிஎம்மின் தீக்கதிரிலும் சிபிஐயின் ஜனசக்தியிலும் அவரவர் தலைவர் பேச்சைப் பெரிதாகப் போடுவார்கள், அதைத் தடுக்க முடியாது, தேவையும் இல்லை. கூட்டு அறிக்கையில் எல்லாப் பெயரும் இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

முடிவெடுக்கும் முறை. அமைப்புக்கு ஒரு குரல். ஓட்டெடுப்பு வேண்டாம். ஒத்துப்போகாத விஷயம் கூட்டு நடவடிக்கையில் வராது, அவ்வளவுதான். யாராவது விலக நினைத்தால் முதலில் குழுவுக்கு எழுத்தில் சொல்ல வேண்டும், மூன்று நாள் கழித்துத்தான் வெளியே அறிவிக்க வேண்டும். இந்த மூன்று நாள் விதி எங்களைக் காப்பாற்றியது. கோபத்தில் எழுதிய விலகல் கடிதம் இரண்டாம் நாளே திரும்ப வாங்கப்பட்டது.

5. பணம்

எங்கள் பக்கத்து விலையில் ஒரு ஆர்ப்பாட்டத்துக்குச் சுமார் பத்தாயிரம் முதல் பதினைந்தாயிரம் ரூபாய் ஆகும். இரண்டாயிரம் நோட்டீஸ், ஒரு பிளெக்ஸ் பேனர், மைக் செட், ஒரு நாள் ஆட்டோ பிரச்சாரம், தண்ணீர், டீ. உங்கள் ஊரில் கூடக் குறையலாம், மூன்று இடத்தில் விலை கேளுங்கள். நகராட்சி வளாகம், பஸ் நிலையம் மாதிரி இடங்களில் பிளெக்ஸ் வைக்க உள்ளாட்சி அனுமதி வேண்டும், அதனால் கையில் பிடிக்கும் துணி பேனர் செலவும் குறைவு, தொல்லையும் குறைவு.

பங்கு பிரிக்கும்போது எல்லோருக்கும் சமம் என்றால் சின்ன அமைப்பு ஓசையில்லாமல் விலகிவிடும். வசதிக்கேற்பப் போடட்டும், ஆனால் கூடுதல் பணம் போட்டவருக்குக் கூடுதல் பேச்சாளர் கிடையாது என்று நோட்டில் எழுதுங்கள். கடைவீதியில் உண்டியல் வசூல் செய்தால் குழுவின் பெயரில் மட்டும் செய்யுங்கள், எந்தச் சங்கத்தின் ரசீதுப் புத்தகமும் அதில் வரக் கூடாது. உண்டியலை இரண்டு அமைப்பின் ஆட்கள் சேர்ந்து உடைத்து எண்ண வேண்டும். பொருளாளர் ஒருங்கிணைப்பாளரின் அமைப்பைச் சேர்ந்தவராக இருக்க வேண்டாம்.

6. போலீஸ் அனுமதி

பத்து நாள் முன்னதாகக் கடிதம் கொடுங்கள். கூட்டம், ஊர்வலங்களைக் கட்டுப்படுத்த சென்னையில் நகரக் காவல் சட்டம் பிரிவு 41, மற்ற மாவட்டங்களில் பெரும்பாலும் காவல் சட்டம் பிரிவு 30(2) நடப்பில் இருக்கும். கடிதத்தில் தேதி, தொடங்கும் முடியும் நேரம், இடம், எதிர்பார்க்கும் எண்ணிக்கை, ஒலிபெருக்கி, பொறுப்பாளர்கள் பெயர், போன் எண் எல்லாம் வேண்டும். காவல் நிலையத்துக்கு ஒன்று, டிஎஸ்பி அலுவலகத்துக்கு ஒன்று. உங்கள் நகலில் தேதியோடு சீல் வாங்காமல் வெளியே வராதீர்கள். மறுத்தால் எழுத்தில் கேளுங்கள். கோர்ட்டுக்குப் போக அந்தத் தாள் வேண்டும்.

போலீஸ் ஒவ்வொரு அமைப்பையும் தனியாகப் போன் செய்து விசாரிப்பார்கள். "மா.லெ. ஆளுங்க வந்தா அனுமதி கஷ்டம் சார், நீங்க மட்டும் நடத்துங்க" என்று நட்பாகப் பேசுவார்கள். பெரிய கட்சிகள் இதில் தளர்ந்தால் கூட்டணி அங்கேயே முடிந்தது. போலீஸ் கேட்டால் யாரும் தனியாகப் பதில் சொல்லக் கூடாது, ஒருங்கிணைப்பாளரைக் கேளுங்கள் என்று மட்டும் சொல்ல வேண்டும் என்று முன்பே பேசி வையுங்கள்.

மறியல் என்று முடிவானால் கைதாகி, ஏதாவது ஒரு திருமண மண்டபத்தில் மாலை வரை வைத்துவிட்டு விடுவார்கள் என்பது வழக்கம். வழக்கு பதிவாகவும் செய்யலாம். அரசு வேலைக்கு முயற்சி செய்கிற இளைஞர்களிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள், அவர்களே முடிவு எடுக்கட்டும்.

வேலைநிறுத்தம் இந்தக் குழுவின் வேலை அல்ல, அதைச் சங்கம்தான் அறிவிக்க முடியும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிற தொழிலுறவுச் சட்டத் தொகுப்பின்படி 14 நாள் முன்னறிவிப்பு கட்டாயம். தொழிலாளர்களில் 50 சதவீதமோ அதற்கு மேலோ ஒரே நாளில் சேர்ந்து கேஷுவல் லீவ் போட்டாலும் அது வேலைநிறுத்தக் கணக்குதான். சமரசப் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போது இறங்கினால் சட்டவிரோதம் என்பார்கள். ஒரு தொழிற்சங்க வக்கீலைக் கேட்காமல் இதில் கால் வைக்காதீர்கள்.

7. நாள் குறிப்பது

கட்சி மாநாட்டுக் காலத்தைத் தவிருங்கள். சிபிஐ, சிபிஎம் இரண்டும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அகில இந்திய மாநாடு நடத்தும், அதற்கு முந்தைய மாதங்களில் கிளையிலிருந்து மாநிலம் வரை மாநாடுகள் நடக்கும், யாருக்கும் மூச்சு விட நேரம் இருக்காது. தேர்தல் தொகுதிப் பங்கீடு பேசும் மாதங்களும் வேண்டாம். நகராட்சி மன்றக் கூட்டத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் வைத்தால் பலன் அதிகம், தீர்மானம் மன்றத்தில் வருவதற்கு முன் கவுன்சிலர்களையும் பார்க்கலாம்.

8. பேச்சுவார்த்தைக்கு யார் போவது?

ஆர்ப்பாட்டம் நன்றாக நடந்தால் ஆணையர் கூப்பிடுவார். ஆபத்தான இடம் இது. யாரோ ஒரு தலைவருக்கு மட்டும் தனியாகப் போன் வரும், "நீங்க வாங்க, பேசிக்கலாம்" என்று. அவர் போய் ஏதோ ஒரு உறுதிமொழி வாங்கிவந்து, அதைத் தன் அமைப்பின் வெற்றியாக அறிவித்தால் அடுத்த முறை அந்த ஊரில் கூட்டு மேடை என்ற பேச்சையே எடுக்க முடியாது.

அதனால் பேச்சுக்குழுவை முன்பே தேர்ந்தெடுத்து நோட்டில் எழுதுங்கள். ஐந்து பேர் போதும், இருவர் தொழிலாளர்கள். உள்ளே யாரும் கையெழுத்துப் போடக் கூடாது. வெளியே வந்து, தொழிலாளர்கள் முன்னால் வாசித்துக் காட்டி, அவர்கள் சரி என்ற பிறகுதான் ஒப்புதல். சில தலைவர்களுக்கு இது தங்களை நம்பவில்லை என்று படும். அப்படி வருத்தப்பட்டவர்களிடம் நான் சொன்னது, எங்கள் எல்லோருக்கும் இதே விதிதான் தோழர் என்பதுதான்.

9. சண்டை வந்தால்

வரும். ஒருவர் மேடையில் ஏழு நிமிடத்தை இருபதாக்கி, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கட்சியைத் திரிபுவாதிகள், மார்க்சியத்தைத் திரித்தவர்கள் என்பார். அவர் சீர்குலைவுவாதி என்று மறுநாள் முகநூலில் பதிவு வரும். கீழே இரண்டு பக்க இளைஞர்களும் மேற்கு வங்கத்தின் பழைய இடதுசாரி ஆட்சி வரை போய்ச் சண்டை போடுவார்கள்.

பொதுவெளியில் பதில் எழுதாதீர்கள், உங்கள் அமைப்புத் தோழர்களையும் எழுத வேண்டாம் என்று கேளுங்கள். 24 மணி நேரத்துக்குள் சம்பந்தப்பட்ட இரண்டு மாவட்டச் செயலாளர்களையும் நேரில் சந்தியுங்கள், போனில் வேண்டாம். மன்னிப்புக் கேட்க வைக்கப் பார்க்காதீர்கள், பதிவை எடுத்துவிடச் சொல்லுங்கள், அது போதும். குழுவின் வாட்ஸ்அப்பில் அறிவிப்பு மட்டும் போடும்படி அமைத்துவிடுங்கள். எங்கள் மாவட்டத்தில் அதற்குப் பிறகு பாதிப் பிரச்சினை எழவே இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் மூடி மறைக்காதீர்கள். சாதிப் பெயர் சொல்லி இழிவாகப் பேசுவது, பெண் தோழரிடம் முறைகேடாக நடப்பது, வசூல் பணத்தில் கை வைப்பது, இவை வந்தால் ஒற்றுமை கெட்டுவிடும் என்று அமுக்கிவிடாதீர்கள். அந்த நபரைக் குழுவிலிருந்து விலக்கச் சொல்லி அவருடைய அமைப்புக்கு எழுத்தில் கொடுங்கள். மறுத்தால் அந்த அமைப்பு இல்லாமல் தொடருங்கள்.

10. முடிந்த பிறகு

ஒரு வாரத்துக்குள் வரவு செலவுக் கணக்கை பில்களோடு குழுவில் வையுங்கள். மிச்சப் பணம் இருந்தால் அடுத்த நிகழ்ச்சிக்கு, இல்லையென்றால் போராட்டத்தில் சம்பளம் இழந்த தொழிலாளிக்கு. மினிட் நோட்டின் ஜெராக்ஸ் ஒவ்வொரு அமைப்புக்கும் ஒன்று. அடுத்த கூட்டத் தேதியை அன்றே குறியுங்கள்.

ஆணையர் வாயால் சொன்ன உறுதிமொழிக்கு ஒரு மாதம் காத்திருங்கள். அப்புறம் ஒப்பந்தத்தின் நகல், டெண்டர் ஆவணம், தொழிலாளர்களுக்குக் கட்டிய பிஎஃப் விவரம் மூன்றையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், 30 நாளில் பதில் வர வேண்டும். விண்ணப்பத்தைக் குழுவின் பெயரில் போட்டால் குடிமகன்தான் கேட்க முடியும் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள், தனிநபர் பெயரில் போடுங்கள். இரண்டு வேறு அமைப்புகளைச் சேர்ந்த இரண்டு பேர் ஆளுக்கு ஒன்று போட்டால், பதில் எந்தப் பக்கம் வந்தாலும் அடுத்த கூட்டத்தில் மேஜைக்கு வரும்.